முக்காற்புள்ளி

ஜாகுவாரோன் நெல் கூட்டுறவில்
இருபத்திரண்டு வருடம் பாஸ்கல் எழுதினேன்.
லாரியின் எடை, நெல்லின் ஈரம், பதர்க் கழிவு,
விவசாயிக்குப் போகவேண்டிய காசு,
எல்லாம் என் பிகினுக்கும் எண்டுக்கும் நடுவில்.
கடைசி எண்டுக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி உண்டு.
அதை வைத்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவேன்.

மார்ச்சில், அறுவடை நடுவே,
பெலோட்டாஸ் தலைமையகத்திலிருந்து கடிதம்:
இனி எடைமேடைக்கு எல்லாம் கோ மொழியில்.
ஐம்பத்து மூன்று வயதில்
நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

முதல் இரவு,
அந்நியர் வீட்டு இருட்டில்
சுவிட்சைத் தடவுகிறவள் மாதிரி உள்ளே போனேன்.
கை வைத்த இடத்திலேயே இருந்தது.

பெயர் முதலில், வகை பின்னால்.
முன்பொரு தடவை ஜாவா வகுப்புக்குப் போய்
மூன்றாம் நாளே திரும்பியவள் நான்.
அங்கே ஆளைப் பார்க்கும் முன்பே உத்தியோகம் கேட்பார்கள்.
இங்கே பேரைக் கேட்டு, உட்காரவைத்து,
அப்புறம்தான் என்ன வேலை என்கிறது.

அரைப்புள்ளியை மட்டும் காணோம்.
வரி முடிந்தால் சுண்டுவிரல் தானாகப் போய் வைக்கும்.
சேமித்ததும் அது எடுத்துவிடும்,
தட்டில் கிடந்த முடியை
முகம் சுளிக்காமல் எடுக்கிறவர் மாதிரி.

பிறகு, ஏழாவது வரியில்

:=

முக்காற்புள்ளி, ஒட்டினாற்போல் சமக்குறி.
வலப்பக்கம் இருப்பதை
இடப்பக்கம் நிற்பவனுக்குக் கொடு.
நாளைக்கு நூறு தடவையாவது நான் போட்ட குறி.
தொண்டை கொஞ்சம் அடைத்தது. சொன்னால் என்ன.

வியாழக்கிழமை,
பாலத்துக்கு அந்தப் பக்கம் உருகுவேயிலிருந்து
அபாரிசியோவின் லாரி மேடை ஏறியது.
திரையில் இருபத்தேழாயிரத்து நானூறு கிலோ.
ரசீதில் பூஜ்யம்.

காகிதத்தை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.
"சென்யோரா, நான் காற்றையா ஏற்றிவந்தேன்?"
பின்னால் பதினோரு லாரிகள், பதினொரு ஹார்ன்கள்.
அன்று முழுக்கக் கையால் எழுதினேன் ரசீது.

இரவு பன்னிரண்டரைக்குப் பிடித்தேன் அவனை.
வெளியே எடை என்று ஒருவன்.
தராசு தயாரா என்று கேட்கும் கட்டத்துக்குள்
எடை என்று இன்னொருவன்.
நடுவில் நான் ஆசையாகப் போட்ட அதே குறி.
என் மொழியில் அது இருப்பவனுக்குக் கொடுக்கும்.
இங்கே அது புதிதாக ஒருவனைப் பெற்றுப்போடும்.
உள்ளே பிறந்தவன் இருபத்தேழாயிரத்தையும் வாங்கிக்கொண்டு,
திரையில் ஒரு தடவை தலைகாட்டிவிட்டு,
அடைப்புக்குறி மூடியதும் போய்ச் சேர்ந்தான்.
வாசலில் நின்ற அவன் பெயர்க்காரனுக்கு
எதுவும் தெரியாது.

போன கிறிஸ்துமஸுக்கு இதே அபாரிசியோவுக்கு
நானே கிண்டிய முட்டை இனிப்பு கொடுத்தேன்.
வாயில் போட்டதும் "எஸ்கிசீத்தோ" என்றார்.
எங்கள் போர்த்துகீசில் அதற்கு
விநோதம், என்னவோபோல, என்று பொருள்.
இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.
அவர்கள் கரையில் அதற்கு அருமை என்று அர்த்தமாம்.
நடுவில் ஓர் ஆறுதான்.
முற்றிலும் தெரியாத சொல் என்றால்
யாரையாவது கேட்டிருப்பேன்.

திருத்தம் சின்னது. இரண்டு புள்ளிகளை அழித்தேன்.
தனியாக நின்றது சமக்குறி.
பாஸ்கலில் தனிச் சமக்குறி ஒரு கேள்வி:
இதுவும் அதுவும் ஒன்றா?
இங்கே கட்டளை.
கேட்கிற குரலிலேயே அதட்டுவது
விரலுக்கு இன்னும் வரவில்லை.

வெள்ளி காலை, அபாரிசியோ மறுபடி மேடையில்.
ரசீதை நீட்டினேன்.
எண்ணை வாய்விட்டுப் படித்தார், கிலோவோடு.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு,
"எஸ்கிசீத்தோ" என்றார்
என் கண்ணைப் பார்த்தபடி.

எந்தக் கரையின் சொல் என்று நான் கேட்கவில்லை.
அடுத்த லாரி.